கெட்டி லிக்விடும் கருகும் காயிலும்: வாசகர் கேள்வி – பதில்

சிகரெட்டை விட்டு வேப்புக்கு (இ-சிகரெட்டுக்கு) மாறிய பிரிட்டன் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரு புகார்தான்: கருகல் வாடை. வேப்பில் ஊற்றும் திரவங்களில், விஜி என்ற தாவரக் கிளிசரின் அதிகமுள்ள கெட்டி லிக்விட் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறோம். இதுவரை சிகரெட் பிடிக்காதவர்களும் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். உங்களுக்கு வேப் தேவையே இல்லை.

கேள்வி: ஐயா, பேனா மாதிரிச் சின்ன வேப் வைத்திருக்கிறேன். 1.2 ஓம் காயில் (லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருள்). கடையில் 80/20 லிக்விட் நல்ல புகை வரும் என்று கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று காயில் கருகிவிட்டது. லிக்விட் போலியா? (ஈஸ்ட்ஹாம் வாசகர்)

பதில்: லிக்விட் போலி என்று சொல்ல முடியாது. காயிலிலும் பழுது இருக்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

80/20 என்றால் 80 பங்கு விஜி, அதாவது தாவரக் கிளிசரின். 20 பங்கு பிஜி, அதாவது புரோப்பிலீன் கிளைக்கால். பிஜி தண்ணீரைவிடக் கெட்டிதான், ஆனாலும் எளிதில் ஓடும். விஜியோ விளக்கெண்ணெய்ப் பதம். அறை வெப்பத்தில் பிஜியைவிட 20 மடங்குக்கு மேல் கெட்டி.

காயிலுக்குள் இருப்பது ஒரு விளக்குத் திரிதான். பஞ்சு, அதை ஒட்டி ஒரு கம்பி. கம்பி சூடாகிப் பஞ்சிலுள்ள லிக்விடை ஆவியாக்கும். ஆவியான இடத்துக்குப் பஞ்சு வழியே புது லிக்விட் ஊறி வர வேண்டும். ஊறும் வேகம் எரிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது விளக்கேற்றிய எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் ஏறாத திரி தன்னையே எரித்துக்கொள்ளும்.

உங்கள் 1.2 ஓம் காயிலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள துளைகள் கடுகளவுதான் இருக்கும். 50/50 லிக்விடுக்காகச் செய்த துளைகள் அவை. பெரிய டேங்குகளில் போடும் 0.2 ஓம் மெஷ் (கம்பிக்குப் பதில் வலைபோன்ற தகடு உள்ள) காயிலில் துளை மிளகளவு இருக்கும். கெட்டி லிக்விட் அதன் வழியாகத்தான் தாராளமாக இறங்கும்.

கணக்கு தோராயமாக இப்படி: 1 ஓமும் அதற்கு மேலும் என்றால் 50/50, மிஞ்சிப்போனால் 60/40. 0.6 முதல் 0.8 ஓம் வரை 60/40 நிம்மதி. 70/30 போட்டால் நிதானமாக இழுக்க வேண்டும். 0.5 ஓமுக்குக் கீழே மெஷ் காயில் என்றால் 70/30, 80/20 இரண்டும் சரி. ஆனால் ஓம் எண் ஓர் அடையாளம் மட்டுமே. உண்மையில் முடிவு செய்வது துளையின் அளவும் பஞ்சின் நெருக்கமும். 0.6 ஓம் என்று எழுதியிருந்தும் துளை கடுகளவாக இருந்தால் கெட்டி லிக்விடை ஊற்றாதீர்கள்.

வாங்கிய புட்டியை வீசவும் வேண்டாம். 10 மி.லி. 80/20 லிக்விடில் 3.3 மி.லி. பிஜி சேர்த்தால் 60/40 ஆகிவிடும். மருந்துத் தரத்து பிஜி வேப் கடைகளிலேயே கிடைக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். நிக்கோட்டின் மில்லிக்கு 3 மி.கி. இருந்தது சுமார் 2.25 ஆகக் குறையும், சுவையும் கால் பங்கு இளகும். அது போதவில்லை என்றால் இந்தப் புட்டியைப் பெரிய டேங்க் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் 50/50 வாங்குவதே மேல்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். கருகல் வாடை வந்த பிறகும் "காசு கொடுத்து வாங்கிய காயில்" என்று இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். வறண்ட பஞ்சில் கிளிசரின் மிதமிஞ்சிச் சூடாகும்போது அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்றவை உருவாகின்றன. தொண்டையைக் கவ்வுகிற அந்த நெடி உடம்பு தரும் எச்சரிக்கை. பஞ்சு ஒருமுறை கருகினால் கருகியதுதான். லிக்விடை மாற்றினாலும் அந்த வாடை போகாது.

கேள்வி: என்னுடையது பெரிய டேங்க்தான், 0.4 ஓம் மெஷ், லிக்விட் 80/20. எல்லாம் பொருத்தம். ஆனாலும் புதுக் காயில் போட்டதும் முதல் இழுப்பிலேயே கருகுகிறது. (வெம்பிளி வாசகி)

பதில்: அவசரம்தான் காரணம். புதுப் பஞ்சு எலும்பு போல உலர்ந்திருக்கும். கெட்டி லிக்விட் அதற்குள் நடுவரை ஊற நேரம் எடுக்கும். இப்படிச் செய்து பாருங்கள்.

காயிலைக் கையில் எடுத்து, பக்கத்துத் துளை ஒவ்வொன்றிலும் தெரியும் பஞ்சின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். அது உடனே உள்ளே போகாது. மேலே முத்துப்போல நிற்கும். பொறுத்திருங்கள். முத்து தட்டையாகி, வெள்ளைப் பஞ்சு ஈரப்பட்டுக் கண்ணாடி போல மங்கலாகத் தெரியும்போது இரண்டாவது சொட்டு. பிறகு மேல்வாய் வழியாக உள்சுவரில் தெரியும் பஞ்சில் மூன்று நான்கு சொட்டு. நடுக்குழாயில் நேரே ஊற்றிவிடாதீர்கள். கீழே தேங்கிக் காற்றுத் துளை வழியே கசியும்.

காயிலை இறுக்கமாகத் திருகி, டேங்கை மேலே ஓர் இழை இடம் விட்டு நிரப்புங்கள். காற்று வளையத்தை மூடி, பட்டனை அழுத்தாமல் நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். வெளிக்காற்று வர வழியில்லாததால் அந்த இழுவை லிக்விடைப் பஞ்சுக்குள் கொண்டுவரும். வளையத்தைத் திறந்துவிட்டு அப்படியே வையுங்கள். 70/30 என்றால் 10 நிமிடம். 80/20க்கும் அதற்கு மேலும் 20 முதல் 30 நிமிடம்.

அதன்பிறகும் காயிலில் அச்சிட்ட வாட்டுக்கு ஒரேயடியாகப் போக வேண்டாம். 50 முதல் 60 வாட் என்று எழுதியிருந்தால் 40இல் தொடங்குங்கள். ஐந்து இழுப்புக்கு ஒருமுறை 5 வாட் கூட்டுங்கள். எந்த இடத்தில் சுவை நிறைந்து வருகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அச்சிட்ட உச்சத்தைத் தொட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கண்ணாடி வழியே குமிழியைக் கவனிக்கும் பழக்கம் வேண்டும். இழுத்து முடித்ததும் காயில் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு குமிழி மேலே போனால், அந்த அளவு லிக்விட் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். நாலைந்து இழுப்புக்கும் குமிழியே வரவில்லையா, உடனே நிறுத்துங்கள். கெட்டி லிக்விடில் பெரும்பாலும் ஒரு காற்றுக்குமிழி துளை வாயில் ஒட்டி அடைத்துக்கொண்டிருக்கும். டேங்கைப் படுக்கவைத்து விரலால் உருட்டினால் அது விலகி மேலே ஏறிவிடும். அடுத்தடுத்து இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 20, 30 விநாடி இடைவெளி விட்டாலே பாதிக் காயில் மிச்சம்.

கேள்வி: குளிர்காலத்தில் காலையில் வேலைக்குப் போகும்போது கருகல் சுவை. மாலையில் வீட்டில் அதே டேங்க், அதே வாட், நன்றாக இருக்கிறது. இதென்ன மாயம்? (லெஸ்டர் வாசகர்)

பதில்: குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். விஜி அப்படி எளிதில் உறையாது, ஆனால் வெகுவாகக் கெட்டியாகும். 20 டிகிரியில் இருப்பதைப்போல 10 டிகிரியில் இரண்டரை மடங்குக்கு மேல் கெட்டி. 30 டிகிரியில் பாதிக்கும் கீழே. இரவெல்லாம் காரில் கிடந்த வேப்பை எடுத்ததும் 60 வாட்டில் இழுத்தால் பஞ்சு என்ன செய்யும்?

கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்தாறு இழுப்பை 10, 15 வாட் குறைத்துச் சின்னச் சின்னதாக இழுங்கள். காயிலின் சூடே சுற்றியுள்ள லிக்விடை இளக்கிவிடும். புட்டியிலிருந்து நிரப்பும் முன், கை பொறுக்கும் வெந்நீரில் மூடியோடு ஐந்து நிமிடம் வைத்தால் ஊற்றவும் எளிது. மைக்ரோவேவ் கூடாது. ரேடியேட்டர் மேல் நாள்கணக்கில் வைப்பதும் கூடாது. சூடும் வெளிச்சமும் நிக்கோட்டினைக் கெடுக்கும். லிக்விட் பழுப்பேறும், காரல் தட்டும். வெனிலா சேர்ந்த லிக்விட் மட்டும் கெடாமலே நிறம் மாறும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: பிஜி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டை வறண்டு அரிக்கிறது. முழுக்க விஜி உள்ள லிக்விடைச் சின்ன பாட் வேப்பில் (லிக்விட் கூடு மாட்டும் சிறு சாதனம்) போட வழி உண்டா? (மில்டன் கீன்ஸ் வாசகி)

பதில்: முதலில், அது பிஜிதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நிக்கோட்டின் அளவு கூடினாலும் தொண்டை அரிக்கும். விஜி, பிஜி இரண்டுமே ஈரத்தை இழுப்பவை, அதனால் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கும் வறட்சி வரும். இரண்டு வாரம் அதே நிக்கோட்டின் அளவில் 70/30க்கு மாறிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே தொல்லை அடங்கும். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ சோதனை எதுவும் செய்யாமல் உடனே 999ஐ அழையுங்கள்.

பிஜியேதான் காரணம் என்றால் சின்ன பாட் வேப்பை விட்டுவிடுங்கள். முழு விஜி அதில் ஓடாது. ஒன்றிரண்டு நாள் ஓடுவதுபோல் தெரிந்து பிறகு கருகும். 0.3 ஓம் அல்லது அதற்குக் கீழே, துளை பெரிதாக உள்ள மெஷ் காயில் போடும் சாதனத்துக்கு மாறுவது நல்லது. புகை நிறைய வரும் என்பதால் நிக்கோட்டின் 3 மி.கி.க்கு மேல் வேண்டாம். 20 மி.கி. நிக் சால்ட் (நிக்கோட்டின் உப்பு) லிக்விடைப் பெரிய டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். நாலு இழுப்பில் தலைசுற்றலும் குமட்டலும் வந்துவிடும். "முழு விஜி" என்று எழுதிய புட்டியிலும் வாசனைப் பொருளைக் கரைக்கக் கொஞ்சம் பிஜி இருப்பது வழக்கம். லேபிளைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: 50 மி.லி. ஷார்ட்ஃபில்லில் (மேலே இடம் விட்ட, நிக்கோட்டின் இல்லாத லிக்விட் புட்டி) நிக் ஷாட் (நிக்கோட்டின் கலந்த சின்னப் புட்டி) சேர்த்த பிறகும் அது 80/20 தானா? இரண்டு ஷாட் போட்டால் 6 மி.கி. வருமா? (ஸ்லவ் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் இல்லை. பிரிட்டன் சட்டப்படி நிக்கோட்டின் கலந்த லிக்விட் 10 மி.லி. புட்டியில்தான் வர வேண்டும், மில்லிக்கு 20 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் நிக்கோட்டின் இல்லாத பெரிய புட்டியில் இடம் விட்டு விற்கிறார்கள்.

50 மி.லி. 80/20இல் 40 மி.லி. விஜி. அதோடு 50/50 நிக் ஷாட் 10 மி.லி. சேர்த்தால் விஜி 45, மொத்தம் 60. ஆக 75 சதவீதம். 70/30 ஷாட் என்றால் 78. சில டேங்குகளுக்கு 80இலிருந்து 75க்கு இறங்குவதே கருகலை நிறுத்திவிடும், ஆகவே ஷாட் வாங்கும்போது எந்தக் கலவை என்று கேட்டு வாங்குங்கள்.

நிக்கோட்டினில், 18 மி.கி. ஷாட் ஒன்று என்றால் 180 மி.கி. 60 மில்லியில் பரவி 3 மி.கி. ஆகும். இரண்டு ஷாட் என்றால் 360 மி.கி. 70 மில்லியில், 5.1தான் வரும், அதற்கும் புட்டியில் இடம் இருக்க வேண்டும். சேர்த்தபின் இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, குமிழி அடங்கும்வரை நிற்கவையுங்கள். கெட்டி லிக்விட் மேலுக்குக் கலந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் கலக்காமல் நிற்கும். அரைகுறையாகக் கலந்தால் ஒரு டேங்க் சப்பென்றும் அடுத்தது கடுப்பாகவும் இருக்கும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தச் சின்னப் புட்டியிலுள்ள 180 மி.கி. நிக்கோட்டின் ஒரு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பூட்டுப் போட்ட அலமாரியில் வையுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 999.

கேள்வி: மாம்பழ லஸ்ஸி சுவை லிக்விட் போட்டால் நாலே நாளில் காயில் கறுத்துவிடுகிறது. விஜி அதிகம் என்பதாலா? கழுவி மறுபடி போடலாமா? (ஹாரோ வாசகர்)

பதில்: விஜியைவிட இனிப்புதான் பெரிய காரணம். இத்தகைய சுவைகளில் சேர்க்கும் சுக்ரலோஸ் ஆவியாகாமல் கம்பியிலேயே தங்கி, தீய்ந்த பாகு போலப் படியும். படிந்த இடத்தில் லிக்விட் ஊறாது, அதனால் கருகல் இன்னும் வேகமெடுக்கும். இனிப்புச் சேர்க்காத பழச்சுவை அல்லது புதினா போட்டால் அதே காயில் இரண்டு வாரம்கூட வரும்.

கடையில் வாங்கும் காயிலைக் கழுவுவதில் பயனில்லை. படிவம் பஞ்சின் நடுவில் இருக்கிறது. தண்ணீர் அங்கே தங்கி அடுத்த இரண்டு நாள் சடசடவென்று வெந்துளி தெறிக்கும். லஸ்ஸியை விட மனமில்லை என்றால் வாட்டைக் குறைத்து, காயிலுக்கு ஒரு வாரம்தான் ஆயுள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொந்தமாகக் கம்பி சுற்றிப் பஞ்சு போடும் ஆர்டிஏ வைத்திருக்கிறேன். கெட்டி லிக்விடுக்குப் பஞ்சை எப்படி வைப்பது? (குரோய்டன் வாசகர்)

பதில்: கெட்டி லிக்விடுக்கு இதுவே மிகச் சிறந்த வழி, துளையும் பஞ்சும் உங்கள் கையில் இருப்பதால். 3 மி.மீ. உள்விட்டச் சுருளில் பஞ்சு நுழையும்போது இலேசாக உரச வேண்டும். கம்பி அசைந்து கோணினால் பஞ்சு அதிகம். சுருளுக்குள் நிறைவாக இருக்கட்டும். வெளியே தொங்கும் வால்களில்தான் வேலை. ஊசியாலோ சிறு சீப்பாலோ வாரி, மூன்றில் ஒரு பங்கு பஞ்சை உதிர்த்துவிடுங்கள். வால் நுனி லிக்விட் துளையின் வாயை மூட வேண்டும், துளைக்குள் திணியக் கூடாது. அழுத்தி அடைத்தால் கருகும். துளையை மூடாமல் விட்டால் கசியும். 50/50க்குப் போடும் அதே அடர்த்தியில் 80/20க்கும் போடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. பஞ்சு மாற்றும்போது பழையதை உருவிவிட்டு, கான்தல் (Kanthal என்ற இரும்புக் கலவை) அல்லது எஃகுக் கம்பியைக் குறைந்த வாட்டில் விட்டுவிட்டுச் சூடாக்கிக் கரியைத் தட்டுங்கள்.

கேள்வி: ஒற்றை 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் செல்) போடும் மாடில் (டேங்குக்குக் கீழே மாட்டும் பேட்டரிப் பெட்டி) 80 வாட் வைத்து இழுக்கலாமா? (டூட்டிங் வாசகர்)

பதில்: வேண்டாம். பேட்டரி இறங்கி 3.4 வோல்ட்டுக்கு வரும்போது, சர்க்யூட் இழப்பையும் சேர்த்து 80 வாட்டுக்குச் சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். எல்லாரும் வாங்கும் சாம்சங் 25ஆர் செல்லின் தொடர் மின்னோட்ட வரம்பே 20 ஆம்பியர்தான்; அது 60 வாட்டோடு சரி. அதற்கு மேல் போக விரும்பினால் இரட்டைப் பேட்டரி மாட். மேலுறை கிழிந்த பேட்டரியை மாடுக்குள் வைக்காதீர்கள், சாவிக்கொத்தோடு பையில் போடாதீர்கள்.

கேள்வி: சளிக்கு நல்லது என்று லிக்விடில் இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் விடலாமா? கெட்டியும் குறையுமே. (ஈலிங் வாசகி)

பதில்: கூடவே கூடாது, அம்மா. எந்தத் தைலமும் எண்ணெயும் வேப்பில் சேரக் கூடாது. ஆவி பிடிப்பது வேறு, இது வேறு. எண்ணெய் துளிகளாக நுரையீரலுக்குள் போனால் அங்கே தங்கி அழற்சியை உண்டாக்கும். 2019இல் அமெரிக்காவில் வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள் கலந்த கஞ்சா வேப்புகளோடு தொடர்புடைய நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ பதிவாகினர், அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். கெட்டியைக் குறைக்க பிஜி மட்டுமே. சளியும் இருமலும் தொடர்ந்தால் மருத்துவரிடம் வேப் பிடிப்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பொங்கலுக்குச் சென்னை போகிறேன். டேங்கும் இரண்டு புட்டி லிக்விடும் எடுத்துப் போகலாமா? (வெம்பிளி வாசகர்)

பதில்: எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாம் தடை. இறக்குமதி செய்தால் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சொந்த உபயோகத்துக்கு" என்று சுங்கத்தில் வாதாடும் நிலைக்குப் போக வேண்டாம். சிங்கப்பூர் வழியாகப் பயணம் என்றால் அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம்.

விடுமுறையில் மறுபடி சிகரெட் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நிக்கோட்டின் பட்டையோ சூயிங்கமோ பழகிக்கொள்ளுங்கள். எந்த அளவு என்று இங்கே மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு, பயண நாட்களுக்குத் தேவையானதை வாங்கி வையுங்கள். டேங்கில் மிச்சமுள்ள லிக்விடை வெளியேற்றித் துடைத்து உலர்த்தி, பேட்டரியைத் தனியே பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வீட்டிலேயே விட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் பழைய காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை அரைமணி நேரம் ஊறவைத்துத் தொடங்குங்கள்.